மலையில் நடக்கும் ஃபேன்டஸி தொடரை முடிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியையோ, கொடைக்கானல் இருக்கும் பழனிமலைத் தொடரையோ களமாக வைத்து, 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்காக மாயக்கதைத் தொடர் எழுதுகிறவர்கள் கடைசிப் பாகத்துக்கு வந்ததும் கேட்கும் கேள்விகள் இவை. பதில் பிடிபடுவதற்காக ஒரே கற்பனைக் கதையைப் பக்கம் முழுக்க எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறோம். மூன்று பாகம். நாயகி குயிலி, மன்னவனூர்ப் பெண். முதல் பாகத்தில் 12 வயது, மூன்றாம் பாகத்தில் 16. அவள் கூப்பிட்டால் மூடுபனி வரும். ஆனால் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் அவளுடைய நினைவு ஒன்று அழிந்துபோகும். எதிரியின் பெயர் ஊற்றுண்ணி. மலையின் ஊற்றுகளை ஒவ்வொன்றாகக் குடித்து வற்றவைப்பவன். குயிலியின் அம்மா முதல் பாகத்திலேயே பனிக்குள் போனவர், திரும்பவில்லை. தோழன் வேலன், கவுஞ்சி ஊர்ப் பையன்.

நிறைவான முடிவு என்றால் எல்லாரும் நல்லபடியாக வாழ வேண்டுமா?

வேண்டியதில்லை. கதை எழுப்பிய கேள்விக்கு வாசகருக்கு விடை வேண்டும். அந்த விடை நாயகி எடுத்த முடிவால் வர வேண்டும். அதற்கு அவள் கொடுக்கும் விலை, நீங்கள் முதல் பாகத்திலிருந்து சொல்லிவந்த அதே விலையாக இருக்க வேண்டும். குயிலி கடைசியில் மலை முழுவதையும் மூடும் பனியைக் கூப்பிட்டுவிட்டு, மறுநாள் எல்லா நினைவுகளோடும் கண் விழித்தாள் என்றால் மூன்று பாகமும் பொய்யாகிவிடும். அம்மாவைத் தேடித்தான் அவள் கிளம்பினாள். கடைசிப் பனிக்கு விலையாக அம்மாவின் முகமே மறந்துபோகிறது என்றால் பிள்ளைகள் அழுவார்கள், ஆனால் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள்.

விலையைக் கடைசி நேரத்தில் தள்ளுபடி செய்வதுதான் நாம் பார்க்கும் தொடர்களில் மிகுதியாக நடக்கும் தவறு. நாயகி மேல் எழுதுகிறவருக்கு வந்துவிடும் பாசம்தான் காரணம். அந்தப் பாசத்தை முடிவுக்குப் பின்வரும் அத்தியாயங்களில் காட்டலாம். அங்கே அதற்கு இடம் உண்டு.

கடைசிப் பாகத்தை எங்கிருந்து தொடங்குவது?

முந்தைய பாகங்களிலிருந்து. ஒரு வரி எழுதும் முன் அச்சான இரண்டு பாகங்களையும் பென்சிலோடு முழுதாகப் படியுங்கள். உங்கள் கணினியில் இருக்கும் வரைவு உதவாது. வாசகர் கையில் இருப்பது அச்சுப் பிரதி, அதில் எது இருக்கிறதோ அதுதான் உண்மை.

படிக்கும்போது ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில் நீங்கள் வாசகருக்குக் கொடுத்த வாக்கு, இரண்டாவதில் அது வந்த பாகமும் பக்க எண்ணும், மூன்றாவதில் அதை எப்படி, எந்த அத்தியாயத்தில் தீர்க்கப் போகிறீர்கள் என்பது. வாக்கு என்றால் யாராவது சத்தியம் செய்த இடம் மட்டுமில்லை. பூட்டிய பெட்டி ஒன்றைக் காட்டினால் அது வாக்கு. 'அதைப் பற்றி இப்போது கேட்காதே தாயி' என்று பாட்டி பேச்சை மாற்றினால் அது வாக்கு. ஒரு பாத்திரத்தின் தழும்பை இரண்டு முறை குறிப்பிட்டால் அதுவும் வாக்குதான். இரண்டு பாகம் வெளிவந்த தொடரில் இப்படி 40 முதல் 60 வரை சேர்ந்துவிடும். பட்டியல் 15-ல் நின்றால் அவசரமாகப் படித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

பிறகு பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள். தீர்க்காவிட்டால் வாசகர் கோபப்படுவது முதல் வகை: அம்மா என்ன ஆனார், ஊற்றுண்ணி யார், குயிலிக்கு ஏன் இந்த ஆற்றல். இவை 5 அல்லது 6-க்கு மேல் போகாது. ஒரே வரியில் தீரக்கூடியவை இரண்டாம் வகை: காணாமல்போன எருமை, வேலனின் அண்ணனோடு இருந்த சண்டை. திறந்தே விடலாம் என்பவை மூன்றாம் வகை. மூன்றாம் வகையில் 10-க்கு மேல் இருந்தால் பாதியை இரண்டாம் வகைக்கு மாற்றுங்கள்.

தீர்க்கும் வரிசையிலும் கவனம் தேவை. சின்னவற்றைப் பாகத்தின் முதல் பாதியிலேயே முடித்துவிடுங்கள். இந்த எழுத்தாளர் எதையும் மறக்கவில்லை என்ற நம்பிக்கை வாசகருக்கு அப்போதே வந்துவிடும். ஒரே அத்தியாயத்தில் முதல் வகை விடைகள் இரண்டுக்கு மேல் வேண்டாம். குகையில் உட்கார்ந்து ஒரு முதியவர் எல்லா ரகசியத்தையும் 20 பக்கத்துக்குச் சொல்லிக்கொண்டே போகும் அத்தியாயம், இந்தப் பட்டியலைப் போடாமல் எழுதியதன் அடையாளம்.

எவ்வளவு நீளம்?

முந்தைய பாகத்தைவிடக் கால் பங்கு கூடலாம். அதற்கு மேல் போனால் புத்தகத்தின் விலை ஏறும், பள்ளி நூலகங்கள் வாங்கத் தயங்கும். பங்கீட்டைப் பொறுத்தவரை, பாகத்தின் முக்கால் பங்கு முடியும் இடத்தில் இறுதி மோதலுக்கான பயணம் தொடங்கியிருக்க வேண்டும். மோதலுக்கு 12 முதல் 15 விழுக்காடு. மோதலுக்குப் பின் 8 முதல் 10 விழுக்காடு. 60,000 சொல் என்றால் பின்பகுதிக்கு 5,000 சொல்லாவது வேண்டும். பலரும் 800 சொல்லில் முடித்துவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் அந்த ஊரில் வாழ்ந்த வாசகருக்கு விடைபெற அது போதாது.

கடைசியில் முருகன் வந்து காப்பாற்றலாமா? நம் மரபில் தெய்வம் வருவது இயல்புதானே?

இயல்புதான். பழனிமலையில் கதை நடக்கும்போது முருகனைத் தவிர்ப்பதுதான் செயற்கை. பூம்பாறைக் குழந்தை வேலப்பர், கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் என்று மலையெங்கும் அவர் இருக்கிறார். அவர் எப்போது வருகிறார் என்பதில்தான் சிக்கல்.

கண்ணப்ப நாயனார் கதையின் அமைப்பைப் பாருங்கள். இறைவனின் கண்ணில் குருதி வழிகிறது. கண்ணப்பர் தம் ஒரு கண்ணைத் தோண்டி அப்புகிறார். மற்றக் கண்ணிலும் குருதி வருகிறது. இடம் தெரிவதற்காகத் தம் காலை அங்கே ஊன்றிக்கொண்டு, இரண்டாவது கண்ணையும் தோண்டப் போகும்போதுதான் இறைவனின் கை வந்து தடுக்கிறது. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இரண்டாவதைக் கொடுப்பதற்கான முடிவும் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகே அருள் வருகிறது. அம்பை எடுக்கும் முன்பே கை தடுத்திருந்தால் அந்தக் கதையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் கதைக்கும் இதே அளவுகோல் போதும். குயிலி விலையைக் கொடுக்க வேண்டும், அல்லது கொடுக்கும் முடிவை மாற்றமுடியாதபடி எடுத்திருக்க வேண்டும். அதன்பின் வரும் உதவி, தெய்வத்திடமிருந்து வந்தாலும் வரையாட்டுக் கூட்டத்திடமிருந்து வந்தாலும், வாசகருக்கு உறுத்தாது. ஆனால் அந்த உதவி எதிரியை வீழ்த்தக் கூடாது. குயிலி விழாமல் தாங்கட்டும், அவ்வளவே. வீழ்த்துவது அவள் வேலை.

பெரியவர்களுக்கும் இதே விதி. பாட்டி, வாத்தியார், வனக்காவலர் என யார் இருந்தாலும் கடைசி முடிவு எடுக்கும் இடத்தில் பிள்ளை தனியாக நிற்கும்படி நிகழ்ச்சியை அமையுங்கள். அதற்காகப் பெரியவர்களை எல்லாம் கொன்றுவிட வேண்டாம். மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டாலே போதும், அவர்களால் நேரத்துக்கு வர முடியாது. மழைக்காலத்தில் இங்கே நடக்கக்கூடியதுதான்.

நாயகிக்குக் கடைசிப் பாகத்தில் புது ஆற்றல் கொடுக்கலாமா?

பாகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் அறிமுகமாகி, ஒரு முறையாவது தோற்றுப்போன ஆற்றலாக இருந்தால் கொடுக்கலாம். இதைவிட நல்ல வழி, பழைய ஆற்றலுக்கே புதுப் பயன் கண்டுபிடிப்பது. குயிலி பனியைக் கூப்பிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பனி என்பது நீர் என்பதையும், ஊற்றுண்ணி குடித்ததெல்லாம் நீர்தான் என்பதையும் சேர்த்து அவள் யோசிக்கும் இடம் ஒன்று வந்தால் போதும். அவனுக்குள் இருக்கும் ஊற்றுகளை அவளால் கூப்பிட முடியும். வாசகரிடம் இரண்டு தகவலும் ஏற்கெனவே இருந்தன. சேர்த்துப் பார்த்தவள் குயிலி.

தொடக்கத்தில் சொன்ன குறியை அப்படியே பலிக்கவைக்கலாமா?

அப்படியே பலித்தால் முதல் பாகத்திலேயே முடிவைச் சொல்லிவிட்டதாகும். பலிக்காமலே போனால் ஏமாற்று. குறி சொன்ன சொற்கள் ஒன்றுகூட மாறாமல், எல்லாரும் எடுத்துக்கொண்ட பொருள் மட்டும் மாற வேண்டும். 'மலை மகள் வெறுங்கையோடு நிற்பாள், அன்று ஊற்று திறக்கும்' என்பது குறி என்று வையுங்கள். அவள் தோற்று எல்லாவற்றையும் இழப்பாள் என்று ஊர் பயப்படுகிறது. கடைசியில் அவளே ஆயுதத்தைக் கீழே வைக்கிறாள். குறியை எழுதும்போதே இரண்டு பொருளையும் நோட்டில் குறித்துவையுங்கள். மூன்றாம் பாகத்தில் உட்கார்ந்து இரண்டாவது பொருளைத் தேடினால் இழுத்துப் பொருத்தியது தெரியும்.

யாராவது சாக வேண்டுமா? எத்தனை பேர்?

முக்கியப் பாத்திரங்களில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சாவுக்கும் முழுக் காட்சி ஒன்றாவது துக்கத்துக்கு ஒதுக்க வேண்டும். ஐந்து பேர் செத்தால் ஐந்து காட்சி எழுத இடமிருக்காது, அப்போது அந்தச் சாவுகள் வெறும் எண்ணிக்கையாகிவிடும். சாவு கதையின் போக்கை மாற்ற வேண்டும். வேலன் இறந்த பிறகும் குயிலியின் திட்டம் அப்படியே இருந்தால் அவனை ஏன் கொன்றீர்கள் என்று வாசகர் கேட்பார், நியாயமாகவே.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எழுதும்போது ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். 'நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நல்லது' என்ற எண்ணத்தோடு நாயகி தன்னை மாய்த்துக்கொள்வதைத் தீர்வாகக் காட்டாதீர்கள். அந்த எண்ணத்தோடு போராடும் பிள்ளைகள் வாசகர்களில் இருப்பார்கள். ஆபத்து தெரிந்தே ஒருவரைக் காக்கப் போவது வேறு. அங்கே அவள் வாழத்தான் விரும்புகிறாள், அந்த விருப்பம் கடைசி வரி வரை தெரிய வேண்டும்.

செத்தவர் திரும்பி வருவது? முதல் இரண்டு பாகத்தில் ஒருவர்கூட அப்படித் திரும்பவில்லை என்றால் மூன்றாவதிலும் வேண்டாம்.

எதிரியை மலைவாழ் மக்களின் மந்திரவாதியாக வைத்திருக்கிறேன். முடிவில் ஏதாவது சிக்கலா?

முடிவில் மட்டுமில்லை, தொடக்கத்திலேயே சிக்கல். நீலகிரியில் குறும்பர்களைச் சூனியக்காரர்கள் என்று மற்றவர்கள் பயந்ததும், 19-ஆம் நூற்றாண்டில் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்லியே அவர்களைக் கொன்றதும் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பயத்தை மாயக்கதையில் உண்மையாக்கிக் காட்டினால், அந்தக் கொலைகளுக்கு நியாயம் சொன்னதாகிவிடும். முதல் பாகம் அச்சாகிவிட்டது, மாற்ற முடியாது என்றால் கடைசிப் பாகத்தில் அதற்கு விடை கொடுங்கள்: பழி சுமத்தப்பட்டவர் செய்யவில்லை என்பது கதையின் திருப்பமாகவே வரலாம். இது பல தொடர்களில் முடிவை இன்னும் வலுவாக்கும்.

வாழும் மக்களின் வழிபாட்டையும் இதே கவனத்தோடு தொடுங்கள். தோடர்களுக்கு முக்கூர்த்திச் சிகரம் இறந்தோர் உலகத்தோடு தொடர்புடைய இடம். அங்கே இறுதிப்போரை வைத்துச் சிகரத்தை வெடிக்கவைப்பது, ஒரு சமூகத்தின் மறுமையை உங்கள் கதைக்குப் பட்டாசாக்குவது. பழனிமலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலைப் பக்கங்களில் இருக்கும் கல்திட்டைகளும் அப்படித்தான். அவற்றைப் பற்றி ஆங்கிலாட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் எழுதிய ஆய்வு 1928-லேயே தொல்லியல் துறை வெளியீடாக வந்திருக்கிறது. கல்திட்டைகள் பழங்கால ஈமச்சின்னங்கள். ஏற்கெனவே பல கற்கள் பெயர்க்கப்பட்டுவிட்டன. மூடுகல்லைப் புரட்டினால் புதையல் கிடைக்கும் என்று கதையில் எழுதினால், படித்துவிட்டு நேரில் போய்ப் புரட்டுகிறவர்கள் இருப்பார்கள். உங்களுக்கு வாசல் வேண்டுமென்றால் பெயரில்லாத ஒரு பாறையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சிகரத்துக்கும் கோயிலுக்கும் கற்பனைப் பெயர், ஊருக்கும் சாலைக்கும் உண்மைப் பெயர் என்ற பங்கீடு நன்றாக வேலை செய்கிறது.

எதிரி எப்படி விழ வேண்டும்?

தன் குணத்தாலேயே. ஊற்றுண்ணிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கடைசி ஊற்று என்று நினைத்து அவன் குடிப்பது குயிலி அனுப்பிய பனியை. விழும்முன் அவனுக்குப் பேச அரைப் பக்கம் கொடுங்கள், அதில் ஒரு வரியாவது உண்மையாக இருக்கட்டும். அவனோடு சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தலைவன் விழுந்ததும் படை புகையாகக் கலைந்தது என்று எழுதுவது வசதியானது. ஆனால் அவனுக்கு ஊற்றைக் காட்டிக்கொடுத்த ஊர்க்காரர் மறுநாள் காலை டீக்கடைக்கு வந்தால் யார் அவரோடு பேசுவார்கள்? அந்த ஒரு காட்சி, போர்க் காட்சியைவிட நெடுநாள் நிற்கும்.

இறுதிக் காட்சியில் மலையின் விவரங்களில் எங்கே தவறு வருகிறது?

முதலில் பனி. இங்கே வானிலிருந்து பஞ்சாகக் கொட்டும் பனி கிடையாது. உறைபனிதான் உண்டு, அதுவும் ஏறக்குறைய நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மேகமில்லாத, காற்றில்லாத இரவில்தான் அது படியும். குளிர்ந்த காற்று கனமாகி இறங்கித் தங்குவதால் பள்ளத்துப் புல்வெளியில் வெண்மையாக இருக்கும். மேட்டில் குறைவு, சோலை எனப்படும் அடர்ந்த மலைக்காட்டுக்குள் அரிது. வெயில் ஏறினால் கரைந்துவிடும். ஆகவே மூடுபனி சூழ்ந்த இரவில் காலடியில் உறைபனி நொறுங்கியது என்று எழுதினால் மலைக்காரப் பிள்ளை அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நம் எடுத்துக்காட்டில் இது நல்ல கருவியும்கூட: உறைபனி இரவில் வானம் தெளிவாக இருக்கும், கூப்பிட அருகில் மூடுபனி இருக்காது. குயிலியின் ஆற்றல் மிகவும் குறையும் இரவு அதுதான்.

அடுத்தது மழை. நீலகிரியின் மேற்குப் பக்கம், அவலாஞ்சி, அப்பர் பவானிப் பகுதியில், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை. இரண்டு மலைக்கும் ஒரே மழைக்காலத்தை எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஜனவரிக்குப் பிறகு புல் காய்ந்து காட்டுத்தீக் காலம் வரும்.

மலை ரயிலில் துரத்தல் காட்சி வைப்பவர்கள் வேகத்தைக் கவனியுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். ஏறுவதற்குக் கிட்டத்தட்ட 5 மணி நேரம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரம் பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பகுதியில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். நன்றாக ஓடத் தெரிந்த பையன் சமதளத்தில் அதை முந்திவிடுவான். அந்த ஏற்றத்தில் நீராவி எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும், முன்னால் இழுக்காது. 'எஞ்சினைத் தாண்டி முதல் பெட்டிக்குக் குதித்தான்' என்று எழுதினால் அவன் எதிர்த்திசையில் குதித்திருக்கிறான். அந்த மெதுவான வேகத்தையே பதற்றத்துக்குப் பயன்படுத்தலாம்: 16 சுரங்கம், ஒவ்வொன்றிலும் சில நொடி இருட்டு, வெளிச்சம் வரும்போது பெட்டியில் ஓர் ஆள் குறைகிறார். பாதை குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும்தான் வந்தது; கதை அதற்கு முந்திய காலம் என்றால் ரயிலே கிடையாது.

சிறு விவரம் ஒன்று: 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். போருக்கு முந்திய இரவில் திறந்த பானையில் சோறாக்கினால் சமவெளியைவிட நேரம் பிடிக்கும். சமைக்கும் வேளையில் நடக்கும் பேச்சை நீட்டிக்க இது போதும்.

குறிஞ்சி பூப்பதோடு தொடரை முடிக்கலாமா? எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள்?

செய்யலாம், கணக்கு சரியாக இருந்தால். நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது; அடுத்து 2030. பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரை. பூத்துக் காய்த்து விதை விட்டதும் செடி காய்ந்து சாகும். அடுத்த முறை பூப்பது அதன் விதையிலிருந்து வந்த செடி. குறிஞ்சியில் வேறு வகைகளும் உண்டு, அவற்றின் சுற்று வேறு, அதனால் இடையிடையே 'குறிஞ்சி பூத்தது' என்ற செய்தி வரும். அதைப் பார்த்து ஆண்டைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குயிலியின் கதை 2018 பூப்பில் தொடங்கினால் இறுதி மோதல் 2022-ல், அப்போது குறிஞ்சி பூக்காது. வெற்றி கிடைத்த மறுநொடி மலையெல்லாம் நீலமாகப் பூத்தது என்று எழுத ஆசை வரும். மாயத்தால் பூக்கவைத்தால் அதற்கும் ஒரு விலை சொல்ல வேண்டும்: அந்தத் தலைமுறைச் செடி எட்டு ஆண்டு முன்னதாகவே செத்துவிடும். அந்த விலையைச் சொல்லாமல் பூவை மட்டும் காட்டாதீர்கள். பூக்காத 2022-ல் மோதலை முடித்து, 2030-ஐப் பின்கதைக்கு வைத்துக்கொண்டால் குயிலிக்கு அப்போது 24 வயது. அந்த இடைவெளி கதைக்கு மிகவும் உதவும்.

எதிரி வீழ்ந்ததும் காடு திரும்பி வந்துவிட்டது என்று எழுதலாமா?

எழுதாதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து. சோலையும் புல்வெளியும் சேர்ந்துதான் இந்த மலையின் நீரைப் பிடித்து, மெல்ல மெல்ல ஓடையில் விடுகின்றன. புல்வெளிகளில் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டு வளர்த்த பிறகு நிலம் மாறிப்போனது. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ வைத்தால் சூடு பட்டுக் கூட்டமாக முளைக்கும். ஊற்றுண்ணியின் காட்டை நாயகி எரித்து வென்றாள் என்று முடிக்கிறவர்கள், அவனை ஆயிரமாயிரமாய் மறுபடி முளைக்கவைத்துவிடுகிறார்கள். இது தெரிந்த வாசகர் மலையில் நிறைய.

சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. ஆகவே வெற்றிக்குப் பிறகு முதல் மழையில் ஓர் ஊற்று கசிகிறது என்றால் போதும். மற்றதெல்லாம் வேலை: சீகைக் கன்றுகளைப் பிடுங்குவது, புல் நடுவது, மாட்டைத் தடுப்பது. குயிலியும் ஊரும் அந்த வேலையில் இறங்கும் அத்தியாயத்தைச் சுருக்காதீர்கள். படிக்கும் 16 வயதுப் பிள்ளைக்குப் போர் தன் வாழ்வில் இல்லாத ஒன்று, வேலை தன் கைக்கு எட்டுவது.

காதலை எப்படி முடிப்பது?

16 வயதில் கல்யாணத்தோடு முடிக்க வேண்டாம்; சட்டப்படியும் தவறு, கதைப்படியும் அவர்கள் வாழ்க்கையை மூடிவிடுகிறது. இருவரில் யார் என்ற கேள்வி இருந்தால் இறுதி மோதலுக்கு முன்பே, செயலால் தெரியட்டும். மோதலில் ஒருவரைக் கொன்று அந்தக் கேள்வியைத் தீர்ப்பது கோழைத்தனம்.

பின்கதை தேவையா?

முதல் வகை வாக்குகள் எல்லாம் தீர்ந்திருந்தால் கட்டாயமில்லை. ஆனால் தமிழ் வாசகர்கள் கேட்பார்கள். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, வாசகர்கள் எழுப்பிய கேள்விகளுக்காகக் கல்கி தனியாக முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பின்வாழ்வைச் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்டுக்கணக்கில் கூடவே வந்தவர்களின் உரிமை அது.

எழுதினால் ஒரே நாள், ஒரே இடம், 1,500 சொல்லுக்குள். யார் யாரை மணந்தார், என்ன வேலை, எத்தனை குழந்தை என்று வருகைப்பதிவேடு வாசிக்காதீர்கள். குயிலிக்கு எந்த நினைவு போயிற்று, அதோடு எப்படி வாழ்கிறாள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். பூம்பாறைப் பூண்டுச் சந்தையில் வேலன் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, முன்பின் அறியாத ஒருவரைப் பற்றிக் கேட்கும் ஆவலோடு அவள் கேட்கிறாள். மற்றவர்கள் அந்தக் காட்சியின் ஓரத்தில் வந்து போகலாம்.

இன்னொரு தொடருக்காக வாசல் திறந்து வைக்கலாமா?

மூன்றாம் வகைக் கேள்விகளில் ஒன்றை மட்டும். ஊற்றுண்ணி உண்மையில் சாகவில்லை என்று கடைசிப் பக்கத்தில் கண் திறக்கவைத்தால், குயிலி கொடுத்த விலையைத் திருடுகிறீர்கள்.

வரைவை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது? என்ன கேட்பது?

ஆறு பேர் போதும். முந்தைய பாகங்களைப் படித்த, 14 முதல் 17 வயதுப் பிள்ளைகள் மூன்று பேர், படிக்காத ஒருவர், மலையில் வாழும் பெரியவர் ஒருவர், கதையில் வரும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவர். 'பிடித்ததா?' என்று கேட்டால் பிள்ளைகள் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். கடைசி 60 பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் முதலில் கொடுங்கள். 'இனி என்ன நடக்கும்? யாரைப் பற்றிக் கவலையாக இருக்கிறது? எது இன்னும் புரியவில்லை?' என்று எழுதி வாங்குங்கள். மூன்று பிள்ளைகளும் முடிவைச் சரியாகச் சொன்னால் குறிப்புகள் அளவுக்கு மேல். ஒருவர்கூட அருகில் வராவிட்டால் குறிப்புகள் போதவில்லை. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களை உங்கள் வாக்குப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள், அநேகமாக ஏதோ ஒரு விலங்கைப் பற்றி. அதைச் சேர்த்துவிடுங்கள்.

முன்கதைச் சுருக்கம் எவ்வளவு?

தொடக்கத்தில் இரண்டு பக்கம், பாத்திரப் பட்டியல் ஒரு பக்கம், வரைபடம் ஒன்று. வரைபடத்தில் கற்பனை இடங்களை வேறு எழுத்துருவில் காட்டுங்கள். கதைக்குள் பழைய நிகழ்ச்சியை நினைவூட்டும்போது இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

தொடர் முடிந்த பிறகு மறுபதிப்பில் முதல் பாகத்தைத் திருத்தலாமா?

பெயர் மாறாட்டம், வயதுக் கணக்கு, தூரம், பருவம் ஆகிய பிழைகளைத் திருத்தலாம். திருத்திய பதிப்பு என்று உரிமைப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். முடிவுக்கு ஏற்றபடி புதுக் குறிப்புகளை முதல் பாகத்தில் செருகாதீர்கள். பழைய பிரதி வைத்திருப்பவர் கையில் அந்தக் குறிப்பு இருக்காது, அவருக்கு மட்டும் முடிவு பொருந்தாமல் போகும். ஏதாவது செருகியே ஆக வேண்டும் என்று தோன்றினால், அந்தத் தகவலைக் கடைசிப் பாகத்தின் முதல் ஐந்து அத்தியாயத்துக்குள் வையுங்கள்.